டீச்சரைக் கேளுங்கள்: சேலத்திலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு நாள்

போன இதழில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நம் மாவட்டத்து வாசகர்கள் நிறையப் பேர் தஞ்சாவூருக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார்கள் என்று கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்தத் தடவை தஞ்சாவூரை மட்டும் பேசலாம்.

*

கேள்வி: டீச்சர், சனி, ஞாயிறு இரண்டு நாள் கிடைத்திருக்கிறது. நான், வீட்டுக்காரர், 71 வயது மாமியார், ஆறாவதும் ஒன்பதாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். பெரிய கோயில், அரண்மனை, திருவையாறு, கும்பகோணம், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் எல்லாம் பார்ப்பதாகப் பட்டியல் போட்டிருக்கிறோம். கார் இருக்கிறது. முடியுமா?
– வாசகி, சீலநாயக்கன்பட்டி

பதில்: உங்கள் கார் எல்லா இடத்துக்கும் போய்விட்டு வந்துவிடும் அம்மா. பிள்ளைகள் மனதில் எது தங்கும் என்பதுதான் என் கவலை.

1994இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நாற்பத்தெட்டுப் பேரை நான் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். என்னிடமும் இதே மாதிரி ஒரு பட்டியல் இருந்தது, ஏழு இடம். பேருந்து வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் தாமதம். அப்புறம் எல்லா இடத்திலும் கையைத் தட்டி 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். பெரிய கோயிலில் நாங்கள் நின்றது முப்பத்தைந்து நிமிடம். ராத்திரி திரும்பி வரும்போது, நாமக்கல் தாண்டி, ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டீச்சர், பெரிய நந்தி இருந்தது எந்தக் கோயில்?" என்று கேட்டாள். அவள் நன்றாகப் படிக்கிற பெண். தப்பு அவளுடையது இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன்: ஒரு பயணத்தில் ஒரே ஊர், அந்த ஊரில் முக்கியமான கோயிலுக்கு இரண்டு தடவை. ஓய்வு பெறும் வரை அப்படித்தான் கூட்டிப்போனேன்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். நாமக்கல்லில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பதினெட்டு அடி ஆஞ்சநேயரை எல்லாரும் பார்ப்பார்கள். அவருக்கு எதிரே, மலை அடிவாரத்தில் இருக்கும் நரசிம்மர் குடைவரையை உங்கள் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். அதியர் குலத்து அரசன் குணசீலன் காலத்தில், மலையைக் குடைந்து உள்ளே செய்த கோயில் அது. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரும், காலை உயரத் தூக்கிய திரிவிக்கிரமரும் அந்தப் பாறையிலேயே செதுக்கினவை. ஒரு கல்லைக்கூட வெளியிலிருந்து கொண்டுவரவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். ஏன் என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

அப்புறம் தொட்டியம், முசிறி வழியாகத் திருச்சி, அங்கிருந்து தஞ்சாவூர். மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். சாப்பிட்டதும் உடனே கோயிலுக்கு ஓடாதீர்கள். மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதோடு, செருப்பில்லாமல் அந்தப் பிராகாரத்தில் வெயில் நேரத்தில் கால் வைக்க முடியாது. மாமியாருக்கு ஒரு ஜோடி பருத்திக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். அறை எடுத்து எல்லாரும் படுத்துத் தூங்குங்கள். நாலரைக்குக் கோயிலுக்குள் போனால், நடை சாத்துகிற வரைக்கும் வெளியே வராதீர்கள்.

முதலில் வருவது மராட்டியர் காலத்து நுழைவாயில். அதைத் தாண்டினால் கேரளாந்தகன் திருவாயில், அதற்கும் உள்ளே ராஜராஜன் திருவாயில். சேர நாட்டை வென்ற வெற்றியின் பெயர் கேரளாந்தகன் வாயிலுக்கு. ராஜராஜன் வாயிலின் அடிப்பகுதியில் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்களாகப் புராணக் கதைகள் இருக்கின்றன. மேலே நிற்கும் பெரிய துவாரபாலகர்களைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் அவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள். உங்கள் சின்னவனை அங்கே உட்கார வைத்து எத்தனை கதை கண்டுபிடிக்கிறான் என்று பாருங்கள். கைவிரலால் தடவ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

உள்ளே போனதும் நந்தி. இது ராஜராஜன் வைத்தது இல்லை, பின்னால் வந்த நாயக்கர் காலத்தது. அம்மன் சந்நிதியும் முருகன் சந்நிதியும்கூடப் பின்னால் வந்தவை. ஒரு வீட்டில் தாத்தா கட்டிய நடுக்கூடத்தைச் சுற்றி மகனும் பேரனும் அறை எடுப்பது மாதிரி இந்தக் கோயில் வளர்ந்திருக்கிறது. மராட்டிய அரசர் சரபோஜியும் தன் பங்குக்குத் தன் குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் பிராகாரச் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார். அது 1803ஆம் ஆண்டு.

மூலவரைப் பார்க்கப் படி ஏற வேண்டும். மாமியாரால் முடியவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். சுற்றுச்சுவரை ஒட்டி ஓடுகிற திருச்சுற்று மாளிகையில் நல்ல நிழல் இருக்கிறது. அங்கே அவர் உட்கார்ந்து விமானத்தையே, அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரத்தையே, பார்த்துக்கொண்டிருக்கட்டும். சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குக் கல்லின் நிறம் மாறும். அதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் அந்தக் கோயிலில் இல்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மறுபடி போங்கள். முதல் நாள் பார்க்காத எதையாவது பிள்ளைகள் காட்டுவார்கள், பாருங்கள். பத்து மணிக்கு அரண்மனை, சரஸ்வதி மகால் நூலகம், கலைக்கூடம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இருட்டும்போது வீடு. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் இன்னொரு சனி, ஞாயிறுக்கு இருக்கட்டும். தாராசுரம் சிற்பங்கள் உள்ளங்கை அகலத்தில் இருப்பவை. ஓடிக்கொண்டே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

*

கேள்வி: பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்றும், உச்சியில் இருப்பது 80 டன் ஒரே கல் என்றும் படித்தேன். நிஜமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: நிழல் விழும் தம்பி. நானே அந்த நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டிருக்கிறேன். நடுப்பகலில் சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் விமானத்தின் அகலமான அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். எந்தக் கூம்பு வடிவக் கட்டடத்துக்கும் அப்படித்தான். காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள், நீளமாகவே விழுந்து கிடக்கும்.

உச்சியில் இருப்பதும் ஒரே கல் இல்லை. பல துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தியது. இதைச் சொன்னால் சிலர் வருத்தப்படுகிறார்கள், கோயிலின் பெருமையைக் குறைக்கிறேனாம். எனக்கு அது புரியவே இல்லை. சுமார் 216 அடி உயரம், உள்ளே கூடாக எழுப்பிய பதின்மூன்று நிலை. இதைக் கருங்கல்லில் கட்டி, தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் ராஜராஜன். அது கி.பி. 1010. நாள் வரைக்கும் கல்லில் எழுதி வைத்திருக்கிறான். இத்தனையும் நிஜமாக இருக்கும்போது, இல்லாத ஒன்றை நாம் ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்?

*

கேள்வி: டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். 'சாவா மூவாப் பேராடு' என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். நான் முப்பது வருடமாகச் செம்மறி வளர்க்கிறேன். சாகாத ஆடு எங்கே இருக்கிறது?
– வாசகர், மேச்சேரி

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் ஐயா. மேச்சேரி ஆடு என்று ஒரு இனத்துக்கே பெயர் கொடுத்த ஊர்க்காரர் நீங்கள். உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லத் தெரியவில்லை.

கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அதற்கு நெய் வேண்டும். பணமாகக் கொடுத்தால் செலவாகிவிடும். அதனால் அரசனும் அதிகாரிகளும் ஆடு மாடுகளாகக் கொடுத்தார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு. பசு என்றால் 48, எருமை என்றால் 16. அவற்றை ஒரு இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தால், கிழடு தட்டினால், குட்டிகளில் ஒன்றை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. எப்போது எண்ணினாலும் 96 இருக்கும். ஆடு சாகும், மந்தை சாகாது. அதுதான் சாவா மூவாப் பேராடு: சாகாததும் மூப்படையாததுமான பெரிய மந்தை.

மந்தை பெருகினால்? முப்பது வருடம் ஆடு வளர்த்தவருக்கு நான் சொல்லவா வேண்டும். பெருக்கம் மேய்த்தவருக்கு. கோயிலுக்கு விளக்கு, அவருக்குப் பிழைப்பு.

என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது இன்னொன்று. அந்த இடையர்களின் பெயர்களையும் ஊர்களையும் அந்தச் சுவரிலேயே வெட்டியிருக்கிறார்கள். அவர் தவறினால் யார் பொறுப்பு என்று உறவுக்காரர்கள் பெயரும் இருக்கிறது. நம் ஊரில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது மாதிரி.

இடையர் மட்டுமில்லை. கோயிலில் ஆடவும் பாடவும் நானூறு பெண்களை ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தினான். எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், என்ன பெயர் என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, வருடத்துக்கு நூறு கலம் நெல். அதில் 'எடுத்தபாதம்' என்று ஒரு பெயர் வருகிறது. நடராசர் தூக்கிய திருவடியைப் பெயராக வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான பெயர்! என் தங்கைக்குப் பேத்தி பிறந்தபோது இதை வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது. தையல்காரர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், கணக்கு எழுதுகிறவர், எல்லாருக்கும் என்ன பங்கு என்று இருக்கிறது.

அரசன் அந்தக் கல்வெட்டைத் தொடங்கும்போதே 'நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்' கல்லில் வெட்டுக என்று சொல்கிறான். தனக்கு அடுத்தபடியாக அக்காவைச் சொல்கிறான், குந்தவையை. வகுப்பில் இந்த வரியைச் சொல்லும்போதெல்லாம், தம்பி இருக்கிற பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நீங்கள் போகும்போது விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நிதானமாக நடங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எழுத்தின் உருவமும் கொஞ்சம் வேறு. ஆனாலும் ப, ட, ய போன்ற எழுத்துகள் சட்டென்று கண்ணில் படும். நானும் அப்படித்தான் ஒவ்வொரு எழுத்தாகக் கற்றுக்கொண்டேன், அதுவும் நாற்பது வயதுக்கு மேல். யாராவது எழுத்து தெளிவாகத் தெரிய மாவோ சுண்ணாம்போ தடவினால் தயவுசெய்து தடுங்கள். சாய்ந்த வெயிலில் எழுத்து தானாகவே எழும்பித் தெரியும்.

*

கேள்வி: எந்த மாதம் போனால் நல்லது?
– வாசகி, மேட்டூர்

பதில்: தை, மாசி. வெயிலும் இருக்காது, மழையும் விட்டிருக்கும். தையின் தொடக்கத்தில் என்றால், உங்கள் ஊர் அணையில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். 1934இல் கட்டி முடித்த அணை அது. வழக்கமாகப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12 என்றால் நமக்கு அது ஒரு செய்தி, தஞ்சை விவசாயிகளுக்கு அது வருடத்தின் தொடக்கம். தையில் போனால் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருக்கும். மாட்டுப் பொங்கலன்று அந்தப் பெரிய நந்திக்குக் காய், கனி, இனிப்பு எல்லாம் கட்டி அலங்காரம் செய்வார்கள். கூட்டம் தாங்கும் என்றால் அன்றைக்கே போங்கள். ஐப்பசி சதயத்தில் ராஜராஜனுக்குச் சதய விழா நடக்கும். ஆனால் அது மழைக்காலம், குடை வேண்டும்.

*

கேள்வி: டீச்சர், நான் பத்தாவது படிக்கிறேன். எல்லாரும் தஞ்சாவூர், மதுரை என்றே சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் கோயில் மட்டும் பழசு இல்லையா? அதை ஏன் யாரும் எழுதுவதில்லை?
– மாணவி, தாரமங்கலம்

பதில்: கண்ணு, நீ கோபப்பட்டது சரிதான். உங்கள் கைலாசநாதர் கோயிலை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. சேலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் அப்படி ஒரு கோயில் இருப்பது நம் பாக்கியம். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் கட்டியது. யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்து, ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி இதையெல்லாம் நீ பார்த்தே வளர்ந்திருப்பாய். வாலி, ராமன் தூண்களைக் கவனித்திருக்கிறாயா? வில்லோடு நிற்கும் ராமனிடமிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்தில் போய் நின்றால் ராமன் தெரியமாட்டான். மறைந்து நின்று அம்பு விட்டான் என்ற கதையைத் தூண்களை நிறுத்திய இடத்தை வைத்தே அந்தச் சிற்பி சொல்லிவிட்டான்.

சீலநாயக்கன்பட்டி அம்மா குடும்பத்துக்கும் இதைச் சொல்கிறேன். தஞ்சாவூர் போவதற்கு முந்தின வாரம் பிள்ளைகளைத் தாரமங்கலம் கூட்டிப்போங்கள். அது பெரிய கோயிலுக்கு அறுநூறு வருடம் பிந்தியது. அந்தத் தூண்களின் நெருக்கமான வேலைப்பாடு கண்ணில் பதிந்த பிறகு தஞ்சைக்குப் போனால், ராஜராஜன் காலத்துச் சுவர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரியும். பெரிய கோயில் பிராகாரத்தில் வடமேற்கே இருக்கிற முருகன் சந்நிதியைப் பார்த்ததும், 'இது நம்ம தாரமங்கலம் மாதிரி இருக்கே' என்று பிள்ளைகளே சொல்வார்கள். அது நாயக்கர் காலத்து வேலை, அதனால்தான்.

நீ ஒன்று செய், கண்ணு. உன் ஊர்க் கோயிலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. 'யாரும் எழுதுவதில்லை' என்ற வரி மட்டும் அதில் வேண்டாம்.

*

கேள்வி: அரண்மனையும் சரஸ்வதி மகாலும் பார்க்க வேண்டியதுதானா? கண் மருத்துவமனையில் வேலை செய்கிறேன், ஒரு நாள்தான் லீவு கிடைக்கும்.
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மற்றவர்கள் விட்டாலும் நீங்கள் விடக்கூடாது. 1798இலிருந்து 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி கண் வைத்தியத்தில் பெரிய ஆர்வம் உள்ளவர். சிகிச்சைக்கு வந்தவர்களின் கண்ணைப் படமாக வரைந்து, என்ன நோய், என்ன செய்தார்கள், எப்படிக் குணமானது என்று எழுதி வைத்த ஏடுகள் சரஸ்வதி மகாலின் சேகரிப்பில் இருக்கின்றன. இருநூறு வருடத்துக்கு முந்தின உங்கள் துறைக் குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தை ஒட்டிய காட்சிக்கூடத்தில் அவர் சேர்த்த ஓவியங்களும் சுவடிகளும் இருக்கின்றன. கலைக்கூடத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள். மணிமண்டபம், கடைத்தெரு எதை வேண்டுமானாலும் விடலாம்.

*

கேள்வி: நான் ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவன், காப்பித் தோட்டத்தில் வேலை. சேர்வராயன் கோயில் உச்சியில் நின்று பார்த்த கண்ணுக்கு 216 அடிக் கோபுரம் பெரிதாகத் தெரியுமா? பணம் செலவு செய்து போகலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். நீங்கள் நிற்கும் இடம் ஐயாயிரம் அடிக்கு மேலே. அந்தக் கணக்கில் பார்த்தால் 216 அடி ஒன்றுமே இல்லை.

ஆனால் நாம் மலைக்காரர்கள். சேலத்தில் எந்தத் தெருவில் நின்று திரும்பினாலும் ஒரு மலை தெரியும். வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. கல் என்பது நமக்குக் காலடியில் கிடப்பது. நாமக்கல்லில் மலை இருந்தது, அதனால் குடைந்தார்கள். தஞ்சாவூருக்குப் போகிற வழியில் திருச்சி மலைக்கோட்டையும் திருவெறும்பூர்க் குன்றும் கண்ணிலிருந்து மறைந்ததும் ஜன்னல் வழியாகப் பாருங்கள். வயல், வாய்க்கால், தென்னை, மறுபடி வயல். ஒரு குன்றுகூடத் தெரியாது. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண் அது. அந்த மண்ணில் கருங்கல் கிடைக்காது. கோயிலின் ஒவ்வொரு கல்லும் புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வண்டியில் ஏற்றி, இழுத்து, ஆற்று மண்ணில் புதையாமல் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கோயிலின் கல்வெட்டில் ஒரு திருமேனிக்குத் தட்சிணமேரு விடங்கர் என்று பெயர். தெற்கே இருக்கும் மேரு மலை என்றுதான் அந்த விமானத்தை அவர்கள் நினைத்தார்கள். மலை இல்லாத ஊரில் மனிதர்கள் ஒரு மலை செய்துகொண்டார்கள்.

தோட்டத்தில் கல் கட்டு வைத்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். சரிவில் மண் சரியாமல் ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் நிற்க எவ்வளவு பாடு என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் கட்டாயம் போக வேண்டும் என்கிறேன். செலவும் அதிகம் ஆகாது. மலையிலிருந்து இறங்கி, சேலம் புதிய பேருந்து நிலையத்தில் திருச்சி வண்டி, அங்கே மாறித் தஞ்சாவூர் வண்டி. பேருந்தில் வலது பக்கம், இடது பக்கம் என்று யோசிக்க வேண்டாம். ஊர் நெருங்கும்போது எழுந்து ஓட்டுநருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். மரங்களுக்கு மேலே முதலில் தெரிவது அதுதான்.